சொல்லாதே என்று நான் சொன்னது

தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நான் பதினான்கு வருஷம் கிறிஸ்தவ மிஷனின் உபதேசியாராக இருந்தேன். போனபோது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். உபதேசியார் பள்ளியில் முதல் ஆளாகத் தேறியவன். நான் கீர்த்தனை பாடினால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஊரின் ஜெபவீடு கூரை வேய்ந்த மண் கட்டடம். அதன் சாவி எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். நான் வெளியூர் போனால் அந்த ஞாயிறு ஜெபம் கிடையாது. ஒரு தடவை மாமனார் இறந்துபோய்ப் பதினைந்து நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பூட்டின் மேல் குளவி கூடு கட்டியிருந்தது. சபையார் வந்து, "நீங்க இல்லாம இங்கன ஒண்ணுமே நடக்கலீங்கய்யா" என்றார்கள். வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே இனித்தது. ஏழு வருஷமாகப் பதினோரு குடும்பம் பதினோரு குடும்பமாகவே இருப்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பதினோரு குடும்பத்தில் ஒன்று, நான் சொல்ல வந்த அந்த அம்மாளுடையது. புருஷன் இல்லை. பெண்மக்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஏலக்காய்த் தோட்டக் கூலி. ஆவணியில் கங்காணி ஆள் சேர்ப்பார். நாற்பது ஐம்பது பேர் மூட்டை முடிச்சோடு மெட்டு என்கிற மலைக்கணவாய் ஏறித் திருவிதாங்கூர் எல்லைக்குள் போய், காய் பறிப்பு முடிந்து தை மாதம் இறங்குவார்கள். நடுவில் அரிசி, உப்பு வாங்க அந்த அம்மாள் இரண்டு மூன்று தடவை வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இப்போது எழுதும்போது அவர், இவர் என்கிறேன். அப்போது நான் அவரை நீ என்றும் அவள் என்றும்தான் பேசினேன். என் வீட்டாருக்கு இரண்டு தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதம். சாதி அதற்கும் மூத்தது.

மலைக்குப் புறப்படும் முன் என் வாசலில் வந்து நிற்பார்.

"அய்யா, ஒரு கதை சொல்லுங்க. மலைக்குக் கொண்டு போறேன்."

வேதத்திலிருந்து ஏதாவது ஒரு கதை சொல்வேன். அங்கேயே நின்று அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். "சரியா வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மலையில் பொழுது போக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

எட்டாவது வருஷம் மார்கழியில் மூன்று ஆண்கள் கம்பளி போர்த்திக்கொண்டு என் வீட்டைக் கேட்டு வந்தார்கள். மூவரையும் நான் பார்த்ததில்லை. ஜெபவீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். திறந்து காட்டினேன். உள்ளே போனதும் மண்தரையில் முழங்கால் போட்டார்கள். அவர்களுக்குப் பதினெட்டுக் கதைகள் தெரிந்திருந்தன, வரிசை மாறாமல்.

"உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"எனக்கு இவன் சொன்னான்" என்றார் ஒருவர்.

"உனக்கு?"

"எங்க மேஸ்திரி பொஞ்சாதி சொன்னாக. அவகளுக்கு இந்த ஊரு அக்கா ஒருத்தக சொன்னாகளாம். நாங்க அந்த அக்காவைப் பாத்ததில்லீங்க. இன்னைக்குத்தான் பாக்கப் போறோம்." பிறகு மரியாதையாகக் கேட்டார், "நீங்க யாருங்கய்யா?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம். எனக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. உடனே அவர்கள் சொன்னவற்றில் தப்புத் தேட ஆரம்பித்தேன். காணாமல்போன ஆட்டின் கதையைச் சொன்னவர், ஆடு ஏலக்காட்டுக்குள் புகுந்துவிட்டதாகவும், தேடிப்போன மேய்ப்பன் காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம் வடிந்ததாகவும் சொன்னார். "வேதத்தில் ஏலக்காடு எங்கே இருக்கிறது? அட்டை எங்கே இருக்கிறது?" என்று அதட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள், அரிசி வாங்க இறங்கியிருந்த அந்த அம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தேன். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நான் ஒரு தடவைதான் சொல்லுவேங்க. மறுநா, கேட்டவதான் எனக்குச் சொல்லணும். தப்பாச் சொன்னாத் திருத்துவேன். பெறகு அவ இன்னொருத்திக்குச் சொல்லணும். சொன்ன பெறகுதான் அடுத்த கதை."

"ஏன் அப்படி? நீயே எல்லாருக்கும் சொல்லலாமே."

"நான் ஒரே தோட்டத்துல இருக்கமாட்டேனுங்களே. கங்காணி எங்கன கூப்புடுறாரோ அங்கன போறவ. நான் போயிட்டா அங்கன நின்னுபோகக் கூடாதில்லங்களா?"

நான் இல்லாவிட்டால் நின்றுபோக வேண்டும் என்றுதான் நான் ஏழு வருஷம் பாடுபட்டிருந்தேன். அன்று அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் திருந்தவில்லை.

அந்தக் கோடையில் மிஷனைச் சேர்ந்த வெள்ளைக்கார ஐயர், எங்கள் குருவானவர், வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாகக் கடிதம் வந்தது. மலையிலிருந்து முப்பத்துநாலு பேர் இறங்கி வந்தார்கள். ஐயர் வருவதற்கு முந்தின நான்கு நாளும் நான் அவர்களை உட்காரவைத்துப் பதில் சொல்லப் பழக்கினேன். கடைசிக் கேள்வியும் பதிலும் நானே சேர்த்தது. உங்களுக்கு நற்செய்தி சொன்னது யார் என்று கேட்டால், உபதேசியாரய்யா என்று சொல்ல வேண்டும்.

அந்த அம்மாளைத் தனியாக அழைத்துக் காரணம் சொன்னேன். "எழுத்தறியாத பொம்பளை சொல்லிக்கொடுத்தாள் என்று தெரிந்தால் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார். இவர்கள் எல்லாரும் திரும்பிப் போக வேண்டியதுதான்."

இது பொய். பக்கத்து வட்டாரத்தில் பெண்கள் வீடுவீடாகப் போய் உபதேசிப்பதும், அதற்கு மிஷனிலேயே ஆதரவு இருந்ததும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் ஜெபவீட்டுப் பக்கம் பார்த்தார். "அவகளுக்குக் கெடச்சாப் போதுங்க" என்றார்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "இது நல்லாயிருக்கா?" என்று கேட்டாள்.

"சபைக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்றேன்.

"ஒழுங்குன்னு இதுக்குப் பேரா?" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயர் வந்தார். ஜெபவீட்டில் இடம் போதாமல் வெளியே புளியமரத்தடியில் நாற்காலி போட்டோம். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, புத்தகத் தமிழில் நிதானமாகக் கேட்டார். எல்லாரும் நன்றாகச் சொன்னார்கள். கடைசிக் கேள்விக்கு ஒவ்வொருவரும் "உபதேசியாரய்யா" என்றார்கள். மேஸ்திரியின் மனைவி முறை வந்தது. இருபது வயதுக்குள்தான் இருக்கும், கண்ணில் பயமே இல்லாத பெண்.

"எனக்கு அக்கா..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

அடுப்படியில் அகப்பையோடு நின்ற அந்த அம்மாள் லேசாகத் தலையை ஆட்டினார். பெண் நிறுத்தினாள். குனிந்துகொண்டு, "உபதேசியாரய்யாதாங்க" என்று முடித்தாள்.

ஐயர் அந்தத் தலையாட்டலைக் கவனித்தாரோ என்னவோ, அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, இந்த வேலையில் உம்முடைய பங்கு என்ன?" என்று கேட்டார்.

"சோறாக்குனேனுங்க."

"அதுவும் ஊழியந்தான்" என்று ஐயர் சிரித்தார். மலைக்காரர்கள் அவருக்கென்று கட்டிக்கொண்டு வந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். முப்பத்துநாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாலையைக் கழற்றவில்லை. அந்த அம்மாள் பரிமாற, அதைப் போட்டுக்கொண்டே ஐயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போகும்போது ஐயர் மலைத் தோட்டங்கள் முழுவதையும் என் பொறுப்பில் விட்டுப்போனார். நான் உடனே ஒரு விதி வைத்தேன். இனி உபதேசியாரைத் தவிர யாரும் கதை சொல்லக் கூடாது, ஜெபம் நடத்தக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் கீழே இறங்கி வர வேண்டும். அந்த அம்மாளிடம் தனியாகவும் சொன்னேன்.

"நீ இனி வாயைத் திறக்காதே. தப்புத் தப்பாகப் பரவுகிறது."

"சரிங்க, நான் சொல்லல" என்றார். சற்று நின்று, "அவக ஒருத்தருக்கொருத்தர் சொல்றத நான் எப்படிங்க நிப்பாட்ட?" என்று கேட்டார். எகத்தாளமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டார்.

"நான் வந்து நிறுத்துகிறேன்" என்றேன்.

வருகிறேன் என்று சொன்னவன் அந்த வருஷம் இரண்டே தடவைதான் மலை ஏறினேன். என் பானையையும் அரிசியையும் ஓர் ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர்கள் கஞ்சியை நான் தொடவில்லை. நாளெல்லாம் ஈரத்தில் காய் பறித்துவிட்டு வந்தவர்களை கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நிற்கவைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். மேஸ்திரியின் மனைவி நின்றபடியே தூங்கிச் சுவரில் சாய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தவர்களும் முதலில் இருபது, பிறகு எட்டு, பிறகு நான்கு என்று குறைந்தார்கள். கூலியை விட்டுவிட்டு ஒரு நாள் இறங்கி ஒரு நாள் ஏற யாரால் முடியும்? அவர்கள் ஈடுபாடு இல்லாதவர்கள் என்று நான் ஐயருக்கு எழுதினேன்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் மழை விடவே இல்லை. மலையில் காய்ச்சல். மிஷனிலிருந்து தோட்டத்து ஜனங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு புட்டி கொய்னா என்கிற காய்ச்சல் மாத்திரை வந்தது. பாதியைக் கங்காணி ஆளிடம் கொடுத்தனுப்பினேன். மீதியை என் வீட்டுக்கென்று பெட்டியில் வைத்துக்கொண்டேன். என் மனைவிக்குக்கூட அது தெரியாது.

ஒரு மத்தியானம் அந்த அம்மாள் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார். விடியுமுன் புறப்பட்டிருக்கிறார்.

"அய்யா, லயத்துல பாதிப்பேருக்குக் காய்ச்சல். மேஸ்திரி பொஞ்சாதிக்கு ரொம்ப முடியல. நெனவு வாரதும் போறதுமா இருக்கா. ஜெபம் பண்ணு அக்கான்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா."

"நீ என்ன செய்தாய்?"

"நீங்க வாயத் தெறக்கக் கூடாதுன்னீகளே. அதான் கேட்டுப் போக வந்தேன். கதையெல்லாம் வேணாம். சும்மா ஜெபம் மட்டும் பண்ணலாமுங்களா?"

போய்ச் செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் மழையில் இறங்கி வந்திருந்தார். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அதைச் சொல்லிவிட்டால் பிறகு நான் எதற்கு என்ற எண்ணம்தான் முன்னால் வந்து நின்றது.

"அதெல்லாம் நான் வந்து செய்கிறேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்."

"நிச்சயமா வருவீகளா?"

"வருவேன்."

மறுநாள் பையை எடுத்துக்கொண்டு மெட்டுப் பாதை தொடங்கும் இடம் வரை போனேன். எதிரே டோலியில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பல் கிட்டிப்போய் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் ஓரமாக விலகி நின்றேன். அவர்கள் போனதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மழை அதிகம் என்று மனைவியிடம் சொன்னேன். அதற்கு மறுநாளும் மழை என்றேன். மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் ஜெபவீட்டு வாசலில் வந்து, பாட்டு முடியும்வரை நின்றார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன்.

"செத்துட்டாங்க" என்றார். "நீங்க வருவீகன்னு சொன்னேன். மூணு நா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. நாய் கொலச்சாக்கூட, அய்யா வந்துட்டாகளான்னு கேட்டா. கடைசியில, நீயாச்சும் பண்ணு அக்கான்னா. நான் பண்ணல. அவ கையப் பிடிச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தேன்.

"அப்படித்தான் மேஸ்திரிகிட்டயும் சொல்லிட்டு வந்தேன், அய்யாவுக்குக் காய்ச்சல்னு." என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குக் காய்ச்சல் இல்லையில்ல?"

நான் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. ஒங்க பேச்சக் கேட்டேன். இனிமே கேக்கமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்கு வரவில்லை. அவருடைய வீட்டின் கூரை அடுத்த மழைக்கு இறங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் நான் ஐயருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இன்ன பெண் சபைக்குக் கீழ்ப்படியவில்லை, அவளை விலக்க வேண்டும் என்று எழுதத்தான். ஒரு பெண் என்னை எதிர்பார்த்துச் செத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. இரண்டு வரி எழுதியிருப்பேன். என் மனைவி வந்து மசிப்புட்டியை எடுத்தாள். வெளியே போய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு வெறும் புட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதுறதா இருந்தா நடந்தத எழுதுங்க. மசி நான் வாங்கித் தாறேன்" என்றாள்.

நடந்ததை எழுதவில்லை. புகாரும் எழுதவில்லை. ஐயர் அடுத்த தடவை வந்து மலைக்காரர்கள் எங்கே என்று கேட்டபோது, கங்காணிகள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பினார். என்னை நம்புவதற்கு, எனக்கு மாலை போட்ட நாள் ஒன்று அவருக்கு இருந்தது. பிறகு அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். புதிதாக ஒருவர் வந்தார். அவரிடம் ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கடப்பட்டு நாற்காலியில் நெளிந்தார். "பழைய விஷயம். இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லி, என் தோளைத் தட்டிக் காப்பி வரவழைத்தார். அந்தக் காப்பியைக் குடித்தேன். கொஞ்ச நாள் அது போதும் என்றுகூட இருந்தேன்.

யுத்தம் வந்து அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். எனக்கு வேறு வட்டாரத்துக்கு மாற்றல் வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "மலைக்குப் போகாமலே போறீகளா?" என்று கேட்டாள். மசியைக் கொட்டிய பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஏறினேன்.

வழியில் விசாரிக்க விசாரிக்க எனக்கு ஆச்சரியம். நான் கேள்விப்படாத தோட்டங்களில் எல்லாம் ஜெபக்கூட்டம் இருந்தது. மெட்டுக்கு அந்தப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் நடுவிலும் இருந்தது. அந்த அம்மாளைத் தெரியுமா என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அவரைக் கண்டேன். ஞாயிறு மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே அறுபது பேருக்குக் குறையாது. முன்னால் ஒரு பெண் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் எல்லாருக்கும் பின்னால், யாருடைய கைக்குழந்தையையோ மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் கிட்டப் போனேன். அவர் எழுந்து, "அய்யாவா? ஏறி வந்தீகளா?" என்றார். நான் செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நீங்கள் என்று சொல்லிப் பேசினேன்.

"எங்கிட்ட எதுக்குங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு வாயக் கட்டுனீக, நான் அவுத்துக்கிட்டேன். அவ புருசன் அந்தா, கடைசி லயத்துல இருக்காரு. அவர்ட்டப் போங்க."

மேஸ்திரி லயத்துக்குப் பின்னால் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை அடையாளம் கண்டு கோடரியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். "ஒடம்பு இப்பத் தேவலையாங்கய்யா?" என்று கேட்டார்.

எத்தனையோ வருஷத்துக்கு முந்தின காய்ச்சலை விசாரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எனக்குக் காய்ச்சலே வரவில்லை" என்றேன்.

"அக்கா சொன்னாகளே."

"என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார்கள். நான் நன்றாகத்தான் இருந்தேன். வரப் பயந்தேன். வேறு யாரும் ஜெபம் பண்ணக் கூடாது என்றும் நான்தான் சொல்லியிருந்தேன்."

அவர் விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"மூணு நாளுமா?" என்றார்.

"மூன்று நாளும்."

அவர் உடைத்த விறகுச் சிலாம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ கெடந்தப்ப நான் ஒங்களுக்காகவும் ஜெபம் பண்ணுனேனுங்க. பாவம், அவருக்கும் காய்ச்சல், அவரக் காப்பாத்துன்னு கேட்டேன்."

அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் தொடவும் இல்லை, எழுப்பவும் இல்லை. மன்னித்தேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதை எதிர்பார்த்தது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

"மஞ்சு எறங்குது. நீங்க கெளம்புங்க. பாதையில ஆனைத் தடம் கெடக்கு" என்றார்.

தனியாக அனுப்பாமல் கோடரியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். எனக்கு முன்னால் நடந்தார், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்ட எல்லை முடிந்து இறக்கம் தொடங்கும் வளைவில் நின்று எனக்கு வழிவிட்டார். நான் அவரைக் கடந்து இறங்கினேன்.